ஹெராக்ளிட்டஸை முதன்முதலாகப் படிக்கப் போகிறவர்களுக்கு

பழைய கிரேக்கத் தத்துவவாதி ஹெராக்ளிட்டஸ் எழுதியதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பதை எல்லாம் சேர்த்தாலும் சில பக்கங்கள்தான் தேறும், அதிலும் பலது ஒற்றை வரி. அரை மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம், சிக்கலே அதுதான். நானும் முதல் தடவை ஒரு ரயில் பயணத்தில் அப்படித்தான் கடகடவென்று படித்து முடித்தேன். மூடி வைத்தபோது மனதில் ஓர் ஆறு, கொஞ்சம் நெருப்பு, அப்புறம் 'இந்த மனுஷன் ஏன் எல்லாரையும் திட்டிக்கொண்டே இருக்கிறார்' என்ற கேள்வி, இவ்வளவுதான் நின்றது. மறுபடி எடுக்க மூன்று வருஷம் ஆனது. உங்களுக்கும் அந்த மூன்று வருஷம் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆள் எபேசஸ்காரர். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில், செல்ச்சுக் ஊருக்குப் பக்கத்தில் அந்த நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. காலம் கி.மு. 500-ஐ ஒட்டி, அந்தக் கரை பாரசீகப் பேரரசின் கீழ் இருந்த நேரம். எழுதியது ஒரே ஒரு புத்தகம். அதை ஆர்ட்டெமிஸ் கோயிலில் கொண்டுபோய் வைத்தார் என்றும், கண்டவர்களும் எடுத்துப் படித்து அலட்சியம் செய்யக்கூடாது என்று வேண்டுமென்றே புரியாதபடி எழுதினார் என்றும், பல நூற்றாண்டு கழித்துத் தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லேர்ஷியஸ் சொல்கிறார். பழங்காலத்திலேயே அவருக்கு 'இருண்டவர்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. ஃப்ளியூஸ் ஊர் டிமோன் இன்னும் ஒரு படி மேலே போய் 'விடுகதைக்காரர்' என்றார். நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் இந்தப் புத்தகத்தைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "புரிந்த வரைக்கும் அருமை, புரியாததும் அருமையாகத்தான் இருக்கும் போல, ஆனால் அதற்கு டெலோஸ் தீவுக்காரன் மாதிரி முக்குளிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்" என்று சாக்ரடீஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. கிரேக்கமே தாய்மொழியாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி. அதனால் உங்களுக்குப் புரியவில்லை என்றால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதல் வேலை: கேள்விப்பட்டதை ஓரமாக வைப்பது

"எல்லாம் பாய்ந்துகொண்டே இருக்கிறது" என்ற வரி அவர் பெயரில் எங்கே பார்த்தாலும் கிடைக்கும். மிஞ்சியிருக்கும் வரிகளில் ('துண்டுகள்' என்பார்கள்) தேடினால் அந்த வரி இருக்காது, பின்னால் வந்தவர்கள் அவர் கருத்து என்று சுருக்கிச் சொன்னது அது. "ஒரே ஆற்றில் இரண்டு தடவை இறங்க முடியாது" என்பதும் பிளேட்டோவின் கிராட்டிலஸ் உரையாடலில் வருகிற வடிவம். ப்ளூட்டார்க்கும் அதை ஒட்டியே சொல்கிறார். ஆற்றைப் பற்றி அவர் எழுதிய வாக்கியம் இதைவிட வேறு மாதிரி, இதைவிடச் சுவாரசியமானது. அதற்குக் கீழே வருகிறேன்.

அவர் வாழ்க்கைக் கதைகளையும் இதே போல் ஓரமாக வையுங்கள். உடம்பில் நீர் கோத்துக்கொண்டதாம், மருத்துவர்களிடம் போய் "பெருமழையை வறட்சி ஆக்க முடியுமா?" என்று விடுகதை போட்டாராம், அவர்களுக்குப் புரியவில்லையாம், கடைசியில் மாட்டுக் கொட்டகையில் சாணியைப் பூசிப் புதைந்துகொண்டு செத்தாராம். சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் 36-ஆம் துண்டில் "உயிர்களுக்கு நீராவது சாவு" என்று அவரே எழுதியிருக்கிறார், அதைப் படித்த யாரோ கதை கட்டியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. வரி புரியாதபோது அதற்குப் பதிலாக ஆளைப் பற்றிக் கதை சொல்லும் பழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இன்னொன்று, இது நம்மவர்களுக்கு மட்டும். நாலு துண்டு படித்தவுடன் "இதைத்தானே புத்தர் அநித்தியம் என்றார்", "இது அப்படியே அத்வைதம்" என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒப்பிடுவது தப்பே கிடையாது, ஆனால் வாக்கியத்தைப் பார்க்கும் முன்னாலேயே ஒப்பிட்டால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாவது: எண்களைச் சரிபார்ப்பது

அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவறவிட்டு நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் டீல்ஸ் 1903-இல் சாக்ரடீஸுக்கு முந்தியவர்களின் துண்டுகளைத் தொகுத்தார், பிறகு வால்ட்டர் கிரான்ஸ் அதைத் திருத்தினார். இன்றைக்கு எல்லோரும் சொல்வது அந்த டீல்ஸ்-கிரான்ஸ் எண்களைத்தான். 1 முதல் 126 வரை ஹெராக்ளிட்டஸுடையவை என்று அவர்கள் எடுத்துக்கொண்டவை, 127 முதல் 139 வரை சந்தேகத்துக்குரியவையும் போலிகளும். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஜான் பர்னெட்டின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்போ 1877-இல் பைவாட்டர் போட்ட வேறு வரிசையில் போகிறது. அங்கே ஆற்று வாக்கியம் 41, 42-ஆம் இடங்களில் ஓடும், டீல்ஸில் 12-இல் ஓடும். சார்லஸ் கானின் 1979 பதிப்பு நல்ல துணைதான், அதில் அவரே தனியாக ஒரு வரிசை அமைத்திருக்கிறார். பின்பக்கத்தில் ஒப்பீட்டு அட்டவணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் நோட்டில் டீல்ஸ் எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

டீல்ஸின் வரிசையில் கருத்துத் தொடர்ச்சியைத் தேடாதீர்கள். முதல் ஒன்றிரண்டைத் தவிர மீதியைப் பெரும்பாலும் மேற்கோள் காட்டியவரின் பெயருக்கு அகரவரிசைப்படி அடுக்கிவிட்டார். அலெக்சாந்திரியா கிளெமெண்ட் தந்தவை ஒரு கொத்து, ஹிப்போலிட்டஸ் தந்தவை 50 முதல் 67 வரை, ப்ளூட்டார்க் இன்னும் பின்னால். நான் ரயிலில் 1-இலிருந்து 126 வரை வரிசையாகப் படித்தது, டெலிபோன் டைரக்டரியைக் கதை என்று நினைத்துப் படித்த மாதிரி.

மூன்றாவது: யார் வாயிலிருந்து வருகிறது?

மூலப் புத்தகம் தொலைந்துவிட்டது. நமக்கு வந்தவை எல்லாம் இன்னொருவர் தம் வேலைக்காக எடுத்தாண்ட வரிகள். அதனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எடுத்தாண்டவர் பெயரையும், எதற்கு எடுத்தார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஹிப்போலிட்டஸையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ரோமில் இருந்த கிறிஸ்தவ எழுத்தாளர். நொயேட்டஸ் என்பவரின் போதனை கிறிஸ்துவிடமிருந்து வரவில்லை, ஹெராக்ளிட்டஸிடமிருந்து திருடியது என்று நிரூபிப்பது அவர் நோக்கம். எதிராளியை மாட்டிவைக்கச் சாட்சியம் சேர்க்கிறவர் வாசகத்தை மாற்றினால் வழக்கு நிற்காது, ஆகவே சொல்லுக்குச் சொல் எடுத்து அடுக்குகிறார். நமக்கு அது லாபம். ஆனால் அவர் பொறுக்கியதெல்லாம் 'எதிரும் எதிரும் ஒன்று' என்கிற வகை. அதை மட்டும் படித்தால் ஹெராக்ளிட்டஸ் வாழ்நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்று தோன்றும். இதில் இன்னொரு வேடிக்கை, ஹிப்போலிட்டஸின் அந்தப் பகுதி அதோஸ் மலை மடங்களிலிருந்து 1842-இல்தான் பாரிஸுக்கு வந்து, 1851-இல் அச்சேறியது, அதுவும் வேறொருவர் பெயரில். அதற்கு முன்னால் ஹெராக்ளிட்டஸைப் பற்றி எழுதிய ஹெகல் போன்றவர்கள் இந்தப் பக்கங்களைப் பார்த்ததே இல்லை.

நான்காவது: இருட்டை வகை பிரிப்பது

புரியவில்லை என்பது ஒரே நோய் மாதிரித் தெரியும், காரணங்கள் மூன்று. துண்டின் ஓரத்தில் பென்சிலால் தொ, எ, வை என்று ஏதாவது ஓர் எழுத்தைப் போடுங்கள்.

தொ என்றால் தொலைந்ததால் வந்த இருட்டு. 122-ஆம் துண்டு மொத்தமே ஒரு சொல்தான், 'கிட்டே போதல்' என்ற மாதிரிப் பொருள், ஒரு பைசாந்திய அகராதி காப்பாற்றி வைத்தது. எதன் கிட்டே, யார் போனது, ஒன்றும் இல்லை. இதில் ஆழம் தேடி உட்காராதீர்கள், அந்தப் பக்கம் கிழிந்துபோய்விட்டது, அவ்வளவுதான்.

எ என்றால் எழுத்து முறையால் வந்தது. அன்றைய கிரேக்கத்தில் சொற்களுக்கு இடையில் இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது. நம் ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றி எழுதும்போது, ஹெராக்ளிட்டஸை எங்கே நிறுத்திப் படிப்பது என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டு, புத்தகத்தின் முதல் வாக்கியத்தையே உதாரணமாகக் காட்டுகிறார். தமிழில் ஏறக்குறைய இப்படி: "இந்தச் சொல் இருக்கிறது எப்போதும் புரியாதவர்களாகவே ஆகிறார்கள் மனிதர்கள்." இந்த 'எப்போதும்' எதோடு சேர்கிறது? சொல் எப்போதும் இருக்கிறதா, மனிதர்கள் எப்போதும் புரியாதவர்களா? அரிஸ்டாட்டிலுக்கு இது பிழை. எனக்கு, இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி வேண்டுமென்றே நடுவில் வைத்த சொல்லாகத்தான் படுகிறது. (மூலத்தில் 'லோகோஸ்' என்று இருக்கிறது. சொல், கணக்கு, காரணம், விகிதம் எல்லாம் அதற்குள் அடங்கும். நோட்டில் லோகோஸ் என்றே எழுதுங்கள், மொழிபெயர்க்க இப்போது அவசரமில்லை.)

வை என்றால் அவரே வைத்தது. இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

ஐந்தாவது: ஒரு வாக்கியத்தைக் கையில் எடுப்பது

ஒரு நாளைக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். கிரேக்கம் தெரியாவிட்டாலும் எழுத்துகளை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம், பெர்சியஸ் இணையதளத்தில் சொல்லைச் சொடுக்கினால் அகராதிப் பொருள் வந்துவிடும். எழுத்து பழகச் சோம்பல் என்றால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள், அந்த இடத்தில்தான் வேலை இருக்கிறது.

48-ஆம் துண்டு: "வில்லுக்குப் பெயர் பியோஸ், செயலோ சாவு." முதலில் படிக்கும்போது ஒன்றுமே தோன்றாது. கிரேக்கத்தில் பியோஸ் என்பதை முதல் அசையில் அழுத்தினால் வாழ்க்கை. கடைசி அசையில் அழுத்தினால் வில், ஹோமர் காலத்துப் பழஞ்சொல். அழுத்தக் குறிகளோ கி.மு. 200 வாக்கில் அலெக்சாந்திரியா அறிஞர்கள் கண்டுபிடித்தவை, ஹெராக்ளிட்டஸின் ஏட்டில் இரண்டும் ஒரே நாலு எழுத்து. வாய்விட்டுப் படிக்கிறவன் ஏதாவது ஓர் அசையை அழுத்தியே ஆக வேண்டும், எதை அழுத்தினாலும் மற்றது காதில் விழும். இன்னும் ஒரு நுணுக்கம் பாருங்கள், வாக்கியத்தில் வில்லுக்கு அவர் போட்டிருப்பது வழக்கமான 'தோக்ஸோன்' என்ற சொல். அந்தப் பழஞ்சொல்லை நினைவுக்குக் கொண்டுவருவது வாசகன் பொறுப்பு. நம் சிலேடை மாதிரித்தான், ஆனால் விளையாட்டோடு முடியவில்லை. ஒரே பொருளில் உயிரும் சாவும் சேர்ந்து இருப்பதை அவர் விளக்கவில்லை, அந்தச் சொல்லையே அப்படி ஆக்கிக் காட்டிவிட்டார். இதை நான் தமிழில் கொண்டுவரப் பார்த்துத் தோற்றேன். வில் என்றால் நமக்கு விற்கத்தான் முடிகிறது.

அடுத்தது ஆறு, 12-ஆம் துண்டு. கிரேக்கத்தில் அது தொடங்கும் ஓசை: பொதமொய்ஸி தொய்ஸின் அவ்தொய்ஸின் எம்பைனூஸின். நாலு சொல்லும் ஒரே மாதிரி முடிகின்றன, ஸி, ஸின், ஸின், ஸின் என்று தண்ணீர் போகிற சத்தம். பொருளுக்கு வருவோம். "ஆறுகளில், அதே, இறங்குகிறவர்கள்மேல், வேறு வேறு நீர் பாய்ந்து வருகிறது." 'அதே' என்பது ஆற்றுக்கும் சேரும், இறங்குகிற ஆளுக்கும் சேரும், இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. நாம் "அதே ஆறுகளில்" என்று மொழிபெயர்த்த உடனேயே ஒரு கதவைச் சாத்திவிடுகிறோம். அப்புறம் கவனியுங்கள், இந்த வாக்கியத்தில் 'முடியாது' என்ற சொல்லே கிடையாது. ஆறு அதே ஆறாகத்தான் இருக்கிறது, மாறுவது நீர். நீர் மாறாமல் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் குளம். 'இரண்டு தடவை இறங்க முடியாது' என்ற பிரபல வடிவம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அந்தத் திசையில் கடைசி வரைக்கும் போனவர், பிளேட்டோவின் உரையாடலுக்குப் பெயர் தந்த அந்தக் கிராட்டிலஸ். இரண்டு தடவை என்ன, ஒரு தடவைகூட இறங்க முடியாது என்று சொல்லி, கடைசியில் பேச்சையே விட்டுவிட்டு விரலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார் என்று அரிஸ்டாட்டில் எழுதுகிறார்.

ஆறாவது: நீங்களே தமிழில் எழுதிப் பார்ப்பது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். எழுதும்போது இரண்டே கட்டுப்பாடு: மூலத்தில் இல்லாத 'ஆகவே', 'ஏனென்றால்' எதையும் ஒட்டவைக்கக் கூடாது, சொல் வரிசையை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். இதில் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. "இவர் என் அண்ணன்" என்று நாம் வினைச்சொல் இல்லாமலே பேசுகிறோம், ஹெராக்ளிட்டஸும் அப்படித்தான் எழுதுகிறார். 60-ஆம் துண்டு: "பாதை மேலே கீழே ஒன்று, அதேதான்." ஆங்கிலக்காரர்கள் இதற்கு நாலு ஒட்டுச் சொல் போட வேண்டியிருக்கிறது.

119 மூன்றே சொல்: "குணம் மனிதனுக்குத் தெய்வம்." கிரேக்கத்தில் 'ஏதோஸ் அந்த்ரோப்போய் டைமோன்'. நடுவில் இருக்கும் 'மனிதனுக்கு' இரண்டு பக்கமும் கை நீட்டுகிறது: மனிதனுடைய குணமா, மனிதனுக்குத் தெய்வமா? டைமோன் என்பது பெரிய கடவுள் இல்லை, ஒருவன் கூடவே இருந்து அவன் நல்லது கெட்டதை நடத்துகிற சக்தி, நாம் 'அவன் தலையெழுத்து' என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். என் நோட்டில் முதலில் தெய்வம் என்று எழுதி, அடித்து விதி என்று எழுதி, அதையும் அடித்து மறுபடி தெய்வம் என்று எழுதியிருக்கிறேன்.

பேன் கடித்த ஹோமர்

மாட்டிக்கொண்டு நிற்கும்போது 56-ஆம் துண்டுக்குப் போங்கள். கிரேக்கர்களிலேயே பெரிய அறிவாளியான ஹோமரைச் சிறுவர்கள் ஏமாற்றிய கதை. பையன்கள் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஹோமரிடம் சொன்னார்கள்: "எதைப் பார்த்துப் பிடித்தோமோ அதை விட்டுவிட்டு வந்தோம், எதைப் பார்க்கவும் இல்லை பிடிக்கவும் இல்லையோ அதைச் சுமந்துகொண்டு வருகிறோம்." ஹோமருக்கு விடை தெரியவில்லை. (அந்த வருத்தத்திலேயே இயோஸ் தீவில் செத்துப்போனார் என்று ஹோமர் வரலாறுகளில் வேறு எழுதி வைத்திருக்கிறார்கள்.) கண்ணெதிரே வெளிப்படையாக இருப்பதை அறிவதிலேயே மனிதர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள் என்கிறார் ஹெராக்ளிட்டஸ். விடையான பேன் பையன்களின் தலையிலேயே இருந்தது. அவர் எழுத்தைப் படிக்க அவரே தருகிற குறிப்பு மாதிரி நான் இதை எடுத்துக்கொள்கிறேன், விடை எங்கோ ரகசிய அறையில் இருக்காது, வாக்கியத்தின் தலையிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும்.

இதோடு 93-ஐயும் சேர்த்துப் படியுங்கள்: "டெல்ஃபியில் குறிசொல்லும் தலைவன் சொல்வதும் இல்லை, மறைப்பதும் இல்லை, அடையாளம் காட்டுகிறான்." (தலைவன் என்றது அப்போலோ தெய்வத்தை.) இதை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்த ப்ளூட்டார்க் அதே டெல்ஃபியில் பூசாரியாக இருந்தவர்.

எல்லாப் பழைய கிரேக்கர்களையும் இந்த முறையில் படிக்கக் கிளம்பாதீர்கள். "அவரைக்காய் சாப்பிடாதே", "கத்தியால் நெருப்பைக் கிளறாதே" என்ற பித்தகோரஸ் கூட்டத்து விதிகள் வேறு வகை. அவை உள்ளே இருக்கிறவர்களுக்குள் புழங்கிய அடையாளச் சொற்கள், வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் கழலாது. பார்மெனிடிஸ் கடினம்தான், ஆனால் அவர் படிப்படியாக வாதம் செய்கிறார், அங்கே 'ஆகவே' எல்லாம் நிஜமாகவே இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இவருடைய இருட்டை ரசிக்காதவர்களும் உண்டு, அவர்கள் முட்டாள்கள் கிடையாது. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ், மனநிலை சரியில்லாததால் பாதியில் விட்டும் முரணாகவும் எழுதினார் என்றார். ரோமானியக் கவிஞர் லுக்ரேஷியஸ் இன்னும் காட்டமாக, முறுக்கிய சொற்களுக்கு அடியில் ஒளிந்திருப்பதைத்தான் மடையர்கள் கொண்டாடுவார்கள் என்று எழுதினார். ஒரு துண்டில் மாதக்கணக்காக அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டே போகிறீர்கள், ஆனால் எந்த அர்த்தத்தையும் மூலத்தின் ஒரு சொல்லில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால், லுக்ரேஷியஸ் உங்களைத்தான் சொல்கிறார். நான் இந்தச் சோதனையில் பலமுறை தோற்றிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் 61. கடல்நீர் மிகச் சுத்தமானது, மிக அசுத்தமானது. மீனுக்குக் குடிக்க உகந்தது, உயிர் காப்பது. மனிதனுக்குக் குடிக்க ஆகாதது, கொல்வது. ஒரு விடுகதையைப் போட்டு, தானே அவிழ்த்தும் காட்டுகிறார், அவர் இவ்வளவு தாராளம் காட்டுவது அபூர்வம். அப்புறம் 60, 48, 56, 12, 119, 93. அதற்குப் பிறகு முதல் துண்டுக்குத் திரும்புங்கள், இந்தத் தடவை அது வேறு மாதிரித் தெரியும். 62-ஐ மட்டும் முதல் மாதத்தில் தொடாதீர்கள். "சாகாதவர்கள் சாகிறவர்கள், சாகிறவர்கள் சாகாதவர்கள்" என்று ஆரம்பித்து, நாம் 48-இல் பார்த்த அதே பியோஸைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துகிறது அது. என் நோட்டில் அந்தப் பக்கத்தில் நாலு மொழிபெயர்ப்பு இருக்கிறது, நாலையும் அடித்து வைத்திருக்கிறேன்.